பலகையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த ராணியை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழங்காலப் பலகை விளையாட்டுகளைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். எகிப்து, சீனா என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கட்டுரையாளர் கடைசியில் அயர்லாந்துக்கு வருகிறார், ராணியைக் கட்டிப்பிடித்து முத்தமிடும் உரிமையை ஓர் அரசன் ஆட்டத்தில் தோற்ற கதையைச் சொல்கிறார், பாஞ்சாலியை ஒருமுறை நினைவுபடுத்துகிறார், பழைய ஐரிஷ் இலக்கியத்தில் பலகை ஆட்டம் என்று வந்தால் பெண் அங்கே பணயம் மட்டும்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறார். கதை சரி. அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை, பெண்ணே உட்கார்ந்து ஆடுகிற கதைகளும் அங்கே உண்டு. அந்த மூன்று பத்திக்கு இவ்வளவு நீளமான பதிலா என்று நீங்கள் நினைக்கலாம், வெட்டிப் போடுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மேவ் ராணி வரும் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்தக் கதைகளில் வருவது சதுரங்கம் இல்லை. ஃபித்கெல் என்ற ஆட்டம். சதுரங்கம் அயர்லாந்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே ஆடப்பட்டது, அதன் விதிகளை யாரும் எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். பிரான்டுவ் என்று இன்னோர் ஆட்டமும் உண்டு. அதில் இரண்டு பக்கமும் சமமில்லை, நடுவில் ஓர் அரசன், அவனைக் காக்கக் கொஞ்சம் பேர், சுற்றி வளைக்க அதைவிட அதிகம் பேர். நம் ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1932ஆம் ஆண்டு வெஸ்ட்மீத் மாவட்டத்தில் பாலின்டெரி என்ற இடத்தில், ஏரிக்குள் கட்டப்பட்ட பழைய குடியிருப்பைத் தோண்டும்போது ஒரு பலகை கிடைத்தது. யூ மரத்தில் செய்தது, வரிசைக்கு 7 குழியாக 7 வரிசை, மொத்தம் 49 குழிகள். நடுக்குழியைச் சுற்றி ஒரு வட்டம், நான்கு மூலையிலும் கால் வட்டம், பிடித்துத் தூக்க இரண்டு பக்கமும் தலை வடிவில் கைப்பிடி. 10ஆம் நூற்றாண்டுப் பலகை, இப்போது டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிகள் இருப்பதைப் பார்த்தால் காய்களுக்கு அடியில் முளை இருந்திருக்க வேண்டும். படகிலோ குதிரையிலோ போகும்போதுகூட ஆடலாம் போல.

இந்த ஆட்டத்துக்கு அங்கே எவ்வளவு மரியாதை என்பதற்கு ஒரு சட்ட நூலே சாட்சி. கிரித் கப்லக் என்ற அந்த நூல் சுமார் கி.பி. 700ஐச் சேர்ந்தது. அரசன் ஒருவன் தன் வாரத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஞாயிறு மது அருந்த, திங்கள் வழக்குத் தீர்க்க, செவ்வாய் ஃபித்கெல் ஆட, புதன் வேட்டை நாய்கள் ஓடுவதைப் பார்க்க, வியாழன் மனைவியோடு இருக்க, வெள்ளி குதிரைப் பந்தயம், சனி மறுபடி வழக்கு. மனைவிக்கு ஒரு நாள், பலகைக்கு ஒரு நாள். சரி, அதை விடுங்கள்.

இப்போது உங்கள் கட்டுரையாளர் சொன்ன கதைக்கு வருகிறேன். அதையே அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். தாராவின் அரசன் எயோகித், அவன் ராணி ஏடைன். அவள் முற்பிறவியில் மிதிர் என்ற தேவ குலத்தவனின் மனைவி. அவனுடைய முதல் மனைவி பொறாமையில் மந்திரம் போட்டு இவளைத் தண்ணீராக்கி, தண்ணீர் புழுவாகி, புழு ஈயாகி, அந்த ஈ ஒரு பெண்ணின் கோப்பையில் விழுந்து, அவள் குடித்து, 1012 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பெண்ணாகப் பிறக்கிறாள். மிதிர் அவளைத் தேடித்தான் வருகிறான். வந்து, ஃபித்கெல் ஆடலாமா என்று எயோகித்தைக் கேட்கிறான். அதற்கு அரசன் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். ராணி தூங்குகிறாள், பலகை இருக்கிற வீடு அவளுடையது என்கிறான். அயர்லாந்துக்கே அரசன், ஆட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவன், பலகையை எடுக்க வேண்டும் என்றால் ராணி எழுந்திருக்க வேண்டும். மிதிர் பரவாயில்லை என்று தன் பலகையை எடுக்கிறான், வெள்ளிப் பலகை, பொன் காய்கள், நான்கு மூலையிலும் ஒளி வீசும் கற்கள், காய்களைப் போட்டு வைக்க வெண்கல வளையங்களைப் பின்னிச் செய்த பை.

பலகை அவள் வீட்டில் இருந்தது என்பதாலேயே அவள் ஆடினாள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வரி அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கதை சொன்னவர் அதை அங்கே சும்மா வைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ராணி விழித்திருந்து, பலகை அவள் வீட்டிலிருந்து வந்திருந்தால் ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும்.

அப்புறம் நடந்தது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். முதலில் எயோகித் ஜெயிக்கிறான், 50 குதிரைகள் கிடைக்கின்றன. மறுபடி ஜெயித்து, நிலத்தில் கல் பொறுக்குவது, சதுப்பு நிலத்தின் குறுக்கே பாதை போடுவது என்று மிதிர் தலையில் பெரிய பெரிய வேலைகளைக் கட்டுகிறான். கடைசி ஆட்டத்தில் பணயம் என்னவென்று முன்கூட்டிப் பேசவே இல்லை, ஜெயித்தவன் கேட்பதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மிதிர் ஜெயித்து, ஏடைனை அணைத்து ஒரு முத்தம் என்று கேட்கிறான். தருமன் பாஞ்சாலியைத் தெரிந்தே வைத்தான், இவன் எதை வைக்கிறோம் என்று கேட்காமலே வைத்தான். எது மோசம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து வா என்று எயோகித் தவணை சொல்லிவிட்டு, கோட்டையைச் சுற்றிப் படையை நிறுத்திக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்கிறான். மிதிர் நடுக்கூடத்தில் வந்து நிற்கிறான்.

இந்த இடத்தில் ஏடைன் மிதிரிடம் பேசுகிறாள், கட்டுரையில் இது இல்லை. எயோகித் என்னைக் கைவிட்டுக் கொடுத்தால் ஒழிய வரமாட்டேன் என்று உன்னிடம் முன்பே சொன்னேன், அவன் கொடுத்தால் என்னைப் பொறுத்தவரை நீ கூட்டிப்போகலாம் என்கிறாள். அவள் போட்ட நிபந்தனை அது. கொடுக்க மாட்டேன், ஆனால் வீட்டு நடுவில் அணைத்துக்கொள்ளட்டும் என்று எயோகித் அனுமதிக்கிறான். மிதிர் ஆயுதங்களை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் அவளை அணைத்துக் கூரைத் திறப்பின் வழியே மேலே போய்விடுகிறான். வெளியே நிற்கிறவர்கள் பார்ப்பது இரண்டு அன்னங்கள்.

கதை அதோடும் முடியவில்லை. எயோகித், மிதிரின் தேவ குலத்தவர் வாழ்கிற குன்றுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி மிதிரை நெருக்குகிறான். கடைசியில் ஏடைனைப் போலவே 50 பெண்கள் வந்து நிற்கிறார்கள். இதில் உன் மனைவி யார், எடுத்துக்கொள் என்கிறார்கள் அந்தக் குலத்தவர். மது பரிமாறுவதில் அயர்லாந்திலேயே அவளுக்கு நிகரில்லை, பரிமாறுகிற விதத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறான் எயோகித். ஒவ்வொருத்தியாகப் பரிமாற வைத்து, ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போகிறான். பிறகுதான் தெரிகிறது, அவள் அவனுடைய மகள். ஏடைன் போகும்போது கர்ப்பமாக இருந்தாள். இவ்வளவு கொடூரமான முடிவை முத்தக் கதையாகச் சுருக்கியதுதான் எனக்கு வருத்தம். பெண்ணைப் பணயமாக்கிய அரசனைக் கதைசொல்லி எவ்வளவு கேவலப்படுத்த முடியுமோ அவ்வளவு கேவலப்படுத்திவிட்டுத்தான் விடுகிறார்.

இப்போது மேவ். 8ஆம் நூற்றாண்டில் உருவானது என்று சொல்லப்படுகிற ஒரு கதை இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த லெயின்ஸ்டர் ஏடு என்ற பெரிய கையெழுத்துப் பிரதியில் இடம்பெற்றிருக்கிறது. ஃப்ராய்க் என்ற அழகான இளைஞன், கன்னாட் நாட்டின் அரசன் ஆலிலும் ராணி மேவும் இருக்கிற குரோஹன் கோட்டைக்கு வருகிறான். இன்றைக்கு ராஸ்காமன் மாவட்டத்தில் ராத்குரோஹன் என்று மண்மேடுகளாக இருக்கிற இடம்தான் அது. அவன் வந்தது அவர்கள் மகள் ஃபின்னவேரைப் பெண் கேட்க. சாப்பாடு, உபசாரம் என்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வீட்டில் பலகை விரிந்துவிடுகிறது. முதலில் மேவும் ஆலிலும் ஆடுகிறார்கள், கணவனும் மனைவியும். ஃப்ராய்க் தன் ஆட்களில் ஒருவனோடு தனியாக ஒரு பலகையில் ஆடுகிறான். அவன் பலகை வெள்ளை உலோகத்தில் செய்தது, மூலைகளில் பொன், காய்கள் பொன்னும் வெள்ளியும், விளக்குக்குப் பதில் ஒளிக்கல்.

வந்தவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள் என்கிறான் ஆலில். எனக்கு அது வேண்டாம், அங்கே போய் ஃப்ராய்க்கோடு ஃபித்கெல் ஆடத்தான் ஆசை என்கிறாள் மேவ். போ, எனக்கும் சந்தோஷம்தான் என்கிறான் கணவன். அவ்வளவுதான் உரையாடல். யாரும் புருவத்தை உயர்த்தவில்லை, ராணி அந்நிய இளைஞனோடு உட்கார்ந்து ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை, கதைசொல்லியும் அதை விளக்க ஒரு வரிகூடச் செலவழிக்கவில்லை. பார்த்துப் பழகிய ஒன்றைச் சொல்கிற தொனி. எனக்கு இதுதான் முக்கியமான சான்று. வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால் இந்தக் கதைசொல்லிகள் சும்மா விட மாட்டார்கள், ஒரு குதிரையின் காதுக்குக்கூட நிறம் சொல்கிறவர்கள்.

ஆட்டம் நடக்கிறது. 3 பகல் 3 இரவு. ஒளிக்கற்களின் வெளிச்சத்தில் இரவு வந்ததே யாருக்கும் தெரியவில்லை. ஜெயித்தது ஃப்ராய்க், ஆனால் உங்கள் பணயத்தை நான் எடுக்கவில்லை, உங்கள் மரியாதைக்குக் குறைவு வரக்கூடாது என்கிறான். பாருங்கள், இங்கே பணயம் வைத்தவளே ராணி. அவள் பணயம் இல்லை. மேவ் பதிலுக்கு, இந்தக் கோட்டையில் நான் கழித்த நாட்களிலேயே இதுதான் நீளமான நாள் மாதிரி இருக்கிறது என்கிறாள். இருக்காதா பின்னே, 3 நாளாயிற்றே என்கிறான் அவன்.

அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, விருந்தாளிகள் பட்டினி. வெட்கத்தோடு எழுந்து ஆலிலிடம் போய், நாம் பெரிய காரியம் செய்துவிட்டோம், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளைச் சாப்பாடு இல்லாமல் உட்கார வைத்திருக்கிறோம் என்கிறாள். உனக்குத்தான் ஆட்டம் பெரிதாகப் போய்விட்டதே என்று குத்துகிறான் ஆலில். ஆட்டம் ஆடினால் வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறக்கூடாது என்று இருக்கிறதா என்று அவளும் விடுவதில்லை. 1200 வருஷத்துக்கு முந்தைய ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இப்படிப் பேசிக்கொள்வதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எல்லார் வீட்டிலும் நடக்கிற சண்டை, ஆனால் சீட்டாட்டத்தில் உட்கார்ந்து சாப்பாட்டை மறந்த ஆளாக எப்போதும் புருஷனைத்தான் பார்த்திருக்கிறோம்.

இதே கதையில், மகளைக் கொடுக்க இவர்கள் கேட்கிற பரிசத்தைப் பார்த்து ஃப்ராய்க்குக்குக் கோபம் வருகிறது. மேவையே கொடுப்பதாக இருந்தாலும் இவ்வளவு தரமாட்டேன் என்கிறான். அதாவது, மகளுக்கு விலை பேசுகிற அதே வீட்டில்தான் தாய் பலகையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டும் உண்மை. உங்கள் கட்டுரையாளர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

கொனோர் என்ற அரசனுக்கென்று வளர்க்கப்பட்டு, நீஷா என்ற இளம் வீரனோடு ஓடிப்போனவள் டீர்ட்ரா. அவள் கதையில் இன்னும் சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கிறது. பழைய வடிவத்தில், அதுவும் லெயின்ஸ்டர் ஏட்டில் இருப்பதுதான், பலகை ஆட்டமே இல்லை. அதில் அவள் நீஷாவின் இரண்டு காதையும் பிடித்து, என்னைக் கூட்டிப்போகாவிட்டால் இவை அவமானக் காதுகள் என்று மிரட்டுகிறாள். சில நூற்றாண்டுகள் கழித்து எழுந்த வடிவத்தில், எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் கிளென்மாசன் கையெழுத்துப் பிரதியாக இருக்கிறதே, அதில்தான் கதைக்குள் பலகை வருகிறது. காலம் போகப் போகப் பெண்ணைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள், தள்ளவில்லை. ஸ்காட்லாந்தில் எட்டிவ் ஏரிக்கரையில் ஒளிந்து வாழ்கிற இருவரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் நடுவில் இருப்பது கொனோர் அரசனின் சொந்தப் பலகை, யாரிடமிருந்து ஓடிவந்தார்களோ அந்த அரசனுடையது. கரையிலிருந்து ஒரு குரல். இது அயர்லாந்துக்காரன் குரல் என்கிறான் நீஷா. இல்லை, இந்த ஊர்க்காரன் குரல்தான், ஆடு என்கிறாள் டீர்ட்ரா. மறுபடி குரல், மறுபடி அதே பதில். அது ஃபெர்கஸ், திரும்பி வாருங்கள் என்று அழைக்க வந்தவன், முதல் குரலிலேயே அவளுக்குத் தெரியும். ஏன் மறைத்தாய் என்றால் ஒரு கனவைச் சொல்கிறாள், கொனோரின் ஊரிலிருந்து 3 பறவைகள் அலகில் 3 துளி தேனோடு வந்து, தேனை வைத்துவிட்டு நம் ரத்தத்தில் 3 துளி எடுத்துப் போயின என்று. ஆட்டத்தை நிறுத்தாமல் இழுப்பதன் மூலம் அவள் நேரம் வாங்கப் பார்க்கிறாள். நீஷா பலகையை மட்டும் பார்க்கிறான், அவள் பலகையையும் பார்க்கிறாள் கரையையும் கேட்கிறாள்.

திரும்பி வந்து கொனோரின் ஊரில் அடைபட்ட வீட்டிலும் அதே பலகைதான் நடுவில். டீர்ட்ராவின் அழகு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவர அரசன் அனுப்பிய கிழவி லெவர்காம், பார்த்துவிட்டுப் போய், அழகெல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்க்கிறாள். அடுத்து அனுப்பப்பட்ட ஒற்றன் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, நீஷா ஒரு காயை எடுத்து எறிகிறான், ஒற்றனின் ஒரு கண் போகிறது. மற்றக் கண்ணோடு போய், அவள் அழகுக்கு ஈடில்லை என்று சொல்லிவிடுகிறான். மற்றதெல்லாம் ரத்தம்.

ஃபின் என்ற வீரர் தலைவனுக்கு நிச்சயிக்கப்பட்டு, டெர்மட் என்ற வீரனோடு ஓடிப்போன கிரானியாவைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அவள் காய் நகர்த்துவதில்லை. மரத்தடியில் ஃபின்னும் அவன் மகன் ஒஷீனும் ஆடுகிறார்கள், மரத்தின் மேல் ஃபின்னுக்குத் தப்பி ஓடிவந்த கிரானியாவும் டெர்மட்டும். ஒஷீன் தடுமாறுவதைப் பார்த்து, பக்கத்தில் இருந்து அந்தக் காயைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்று டெர்மட் அங்கலாய்க்கிறான். உன்னைக் கொல்லச் சுற்றிலும் படை நிற்கிறது, மரத்து உச்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறாய், அவனுக்கு ஒரு காய் தெரியாததைவிட இதுதான் மோசம் என்கிறாள் கிரானியா. அவன் கேட்கவில்லை. பழத்தைப் பறித்து நகர்த்த வேண்டிய காயின் மேல் குறிபார்த்துப் போடுகிறான், 3 ஆட்டத்திலும். ஒஷீன் ஜெயிக்கிறான், மேலே இருப்பது யாரென்று ஃபின்னுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆட்டப் பைத்தியம் பிடித்த ஆண்களைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்கள் கட்டுரையாளர் செய்ததையே நானும் செய்ததாகிவிடும். பிள்ளைகளை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுக்கிற வழக்கம் அங்கே இருந்தது. வளர்ப்புத் தந்தை எந்தப் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அரசர் வீட்டுப் பையன்களுக்குக் குதிரை ஏற்றம், குறிபார்த்து எறிதல், நீச்சல், ஃபித்கெல், பிரான்டுவ். அரசர் வீட்டுப் பெண்களுக்குத் துணி வெட்டுவது, தைப்பது, பூவேலை. பலகை அவர்கள் பாடத்தில் இல்லை. கீழ்நிலைக் குடும்பத்துப் பையனுக்கு ஆட்டுக்குட்டி மேய்ப்பதும் விறகு வெட்டுவதும், பெண்ணுக்குத் திரிகையும் மாவு பிசைவதும் சல்லடையும், ஆட்டம் இருவருக்குமே இல்லை. ஆக மேவும் டீர்ட்ராவும் யாரிடம் கற்றார்கள் என்று சட்டத்தைக் கேட்டால் பதில் கிடைக்காது. கதையில் ஆடுகிறவர்களும் ராணிகள், வீரர்களின் மனைவிகள்தான், பால் கறக்கிற பெண் ஒருத்தியும் பலகைக்கு முன் உட்காரவில்லை. ஏட்டில் எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் மடத்துத் துறவிகள் என்பதையும் மறக்கக்கூடாது. சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறது, கதை அப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்வதில்லை. ஆனால் தையல் மட்டும் கற்றுக்கொண்டு வளர்ந்த வீடுகளில் 3 நாள் விடாமல் ஆடுகிற ராணியைக் கேட்பவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் தாடி வைத்த இரண்டு பேர் ஆட, பின்னால் ஒரு பெண் கோப்பைத் தட்டோடு நிற்கிறாள். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் உங்கள் ஓவியரிடம் மேவை வரையச் சொல்லுங்கள், பலகையில் கை வைத்தபடி, எதிரே ஃப்ராய்க். ஆலிலையும் ஓரமாக வரையலாம், பசியோடு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி